பட்டன் செல்லில் ஓடும் புளூடூத் சென்சார்கள்: வருஷக்கணக்கில் பயன்படுத்திய அனுபவம்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டில் மூன்று சின்ன புளூடூத் சென்சார்கள் உண்டு. அம்மாவின் இன்சுலின் இருக்கும் ஃபிரிட்ஜில் ஒன்று, சம்ப்பில் ஒன்று, வாசல் கதவில் ஒன்று. எல்லாமே சிஆர் 2032 பட்டன் செல்லில் ஓடுபவை. இத்தனை காலம் பார்த்ததில் ஒன்று உறுதியாகிவிட்டது: சென்சார் எவ்வளவு நேரம் தூங்குகிறதோ அவ்வளவுதான் செல்லின் ஆயுள்.

இந்தச் செல்லின் கொள்ளளவு சுமார் 220 மில்லிஆம்பியர்-மணி. சராசரியாக 10 மைக்ரோஆம்பியர் எடுத்தால் 22,000 மணி நேரம், அதாவது இரண்டரை வருஷம் வரும். 50 எடுத்தால் ஆறே மாதம். ரேடியோ விழித்தால் பல மில்லிஆம்பியர் இழுக்கும். ஆனால் விழிப்பது சில மில்லிநொடிதான். அதனால் எத்தனை முறை விழிக்கிறது என்பதே கணக்கு. 2010இல் வந்த புளூடூத் 4.0 இந்தக் குறைந்த மின்செலவு முறையைக் கொண்டுவந்தது.

ஃபிரிட்ஜ் சென்சார் வாங்கியபோது நொடிக்கு ஒருமுறைக்கு மேல் அளவை அனுப்பிக்கொண்டே இருந்தது. எதற்கு? இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும், சரி. ஆனால் ஃபிரிட்ஜின் குளிர் நொடியில் மாறாதே. ஆப்பில் இடைவெளியை 10 நொடியாக்கிய பிறகு செல் மாற்றும் வேலை வெகுவாகக் குறைந்தது. அனுப்பும் சக்தியைக் குறைத்தும் பார்த்தேன். பெரிய மிச்சமில்லை, சிக்னல்தான் ஃபிரிட்ஜ் கதவைத் தாண்டத் திணறியது. இன்னொன்று: குளிரில் செல்லின் உள்மின்தடை கூடி வோல்ட்டேஜ் இறங்கும். ஆப் 'பேட்டரி குறைவு' என்றதும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வெளியே சற்று நேரம் வைத்தால் அளவு ஏறும்.

மறுபக்கம், கேட்கிற கருவிக்குத்தான் செலவு அதிகம். சென்சார் எப்போது பேசும் என்று தெரியாததால் அது விழித்தே இருக்க வேண்டும். அந்த வேலையைப் போனுக்குக் கொடுத்தால் பேட்டரி சீக்கிரம் இறங்கும். நாங்கள் ஒரு சின்ன ரிசீவரைப் பிளக்கில் மாட்டிவிட்டோம். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், வீட்டுக்கு வீடு வைஃபை. ஆனாலும் தகவல் வந்துவிடுகிறது. சென்சார்கள் தகவலைப் பரப்பும் 2402, 2426, 2480 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகள் மூன்றும் வைஃபையின் 1, 6, 11 சேனல்களை ஒதுங்கி நிற்பவை.

சம்ப் சென்சாருக்கும் நீண்ட இடைவெளியே போதுமாக இருக்கிறது. கதவுச் சென்சார் திறந்தால் மட்டும் உடனே பேசும். அதற்குப் பிரச்சினை கடல்காற்று. செல்லைப் பிடிக்கும் தகடு கறுத்து, நல்ல செல்லும் தீர்ந்ததுபோல் காட்டும். அவ்வப்போது துடைத்தால் போதும். வாங்கும்போது இடைவெளியை மாற்ற ஆப்பில் வழி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் நான் வாங்கமாட்டேன்.