வெங்காயத்தை விடுவதா, இசப்கோல் குடிப்பதா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டத்தில் எனக்குக் கிராணி வேலை. மதியம் தாண்டினால் வயிறு மத்தளம் மாதிரி உப்பிவிடும். கிளினிக்கில் "வலி இருக்கா?" என்று கேட்டால், "பொருமல்தான் டாக்டர்" என்பேன். ஆசியாவில் குடல் எரிச்சல் நோய் (ஐபிஎஸ்) உள்ள பலர் இப்படித்தான் சொல்கிறோம். ஆனால் 2016இல் வந்த, நிபுணர்கள் வகுத்த ரோம் 4 வரையறை, வாரத்தில் ஒரு நாளாவது வயிற்றுவலி இருந்தால்தான் இந்த நோய் என்கிறது. அதனால் பொருமலைச் சொல்லும்போது வலியையும் விடாமல் சொல்லுங்கள். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, தூக்கத்தைக் கெடுக்கும் பேதி இருந்தால் கீழே உள்ளது எதுவும் உங்களுக்கில்லை. முதலில் டாக்டரைப் பாருங்கள்.

நான் இரண்டு வழியும் பார்த்தேன். ஒன்று ஃபோட்மேப், அதாவது குடலில் புளித்து வாயு உண்டாக்கும் சில மாவு, சர்க்கரை வகைகளைக் குறைக்கும் பத்தியம். மற்றொன்று இசப்கோல் என்ற நார்ச்சத்து உமி. ஃபோட்மேப் பத்தியத்தை ஆஸ்திரேலியாவில் மெல்பர்னின் மோனாஷ் பல்கலைக்கழகம் உருவாக்கியது. வெங்காயம், பூண்டு, கோதுமை, பருப்பு, பால் ஆகியவற்றை 2 முதல் 6 வாரம் நிறுத்தி, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும். பத்தாம் நாளே எனக்கு வயிறு இளகியது, பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் சமையல்? எங்கள் வீட்டில் ஏழு பேர், ஒரே சட்டி. சாம்பாரில் வெங்காயத்தை ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டாலும் பயனில்லை, அதில் தொல்லை தரும் ஃபிரக்டான் என்ற சர்க்கரைப்பொருள் தண்ணீரில் கரைந்துவிடும். எண்ணெயில் கரையாது. அதனால் பூண்டை எண்ணெயில் பொரித்து எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் தாளிக்கலாம். கடைப் பெருங்காயத்தூளில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், டப்பாவைப் படிக்க வேண்டும். மாமி பாவம், எனக்கென்று தனிச்சட்டி வைத்தார். "பூண்டில்லாத ரசம் எப்படிம்மா இறங்குது உனக்கு?" என்பார். மூன்றாம் வாரம் அவர் அலுத்துப் போனதைப் பார்த்து நானே விட்டுவிட்டேன். பத்தியத்தை நீட்டிக்கொண்டே போவதும் சரியில்லை, குடலுக்கு நல்லது செய்யும் பாக்டீரியா குறையும்.

இப்போது இசப்கோல் உமிதான். காலைப் பெரட்டுக்கு (வேலையாட்களின் கணக்கெடுப்புக்கு) முன் ஒரு பெரிய கிளாஸ் தண்ணீரில் போட்டு, கலக்கியவுடன் மடமடவென்று குடித்துவிட வேண்டும். இரண்டு நிமிஷம் விட்டால் கூழாகித் தொண்டையில் நிற்கும். பின்னால் இன்னொரு கிளாஸ் தண்ணீர். முதல் வாரம் ஆசையில் இரண்டு கரண்டி குவித்துப் போட்டேன், பொருமல் இரட்டிப்பானது. 3, 4 கிராமில் தொடங்கி மெல்ல ஏற்றுவதுதான் முறை. கூடவே நேரத்துக்குச் சாப்பாடு, தே தாரிக் என்ற பால் டீயைக் குறைப்பது, சம்பாலில் மிளகாயைக் குறைப்பது. மிளகாயின் காரப்பொருள் குடல் நரம்பைத் தூண்டும்.

ஸ்வீடனில் 75 பேரை வைத்து 2015இல் வெளியான ஆய்வில், நேரத்துக்கு அளவாகச் சாப்பிடுவது போன்ற சாதாரண உணவு அறிவுரையும் ஃபோட்மேப்பும் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு, ஏறக்குறைய சமமாகவே பலன் தந்தன. அப்படியென்றால் வருஷக்கணக்கில் எதைக் கடைப்பிடிக்க முடியும் என்பதுதான் கேள்வி. இசப்கோலுக்கு எங்கள் வீட்டில் யாருடைய சட்டியும் மாற வேண்டியதில்லை.

எனக்கு மலச்சிக்கல் வகை. பேதி வகைக்காரர்களுக்காக அனுபவத்திலிருந்து பேச முடியாது. தனக்கு மட்டும் சமைத்துச் சாப்பிடுபவர் என்றால், உணவியல் நிபுணர் ஒருவரை வைத்துக்கொண்டு ஃபோட்மேப்பையே முதலில் பார்க்கலாம்.