காரைக்குடி அரபு வகுப்பு: முடிவுரைப் பாடத்துக்காக மட்டும் சேரலாமா?

செக்காலைப் பக்கம் ஒரு வீட்டு மாடியில் ஞாயிறு காலையில் நடக்கும் அரபு எழுத்து, பேச்சு வகுப்பு இது. எட்டு அமர்வு, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். கட்டணம் 1,200 ரூபாய், கையேட்டுக்குத் தனியாக 150. எட்டில் மூன்று அமர்வு முடிவுரைக்கே போகிறது. வேறு அரபு வகுப்புகளில் இதைப் பத்து நிமிடத்தில் தாண்டிவிடுவார்கள். வருபவர்களில் டிசம்பர் 18 அரபு மொழி நாள் போட்டிக்குத் தயாராகும் கல்லூரிப் பிள்ளைகள் உண்டு (1973-இல் ஐ.நா. அரபியைத் தன் அலுவல் மொழிகளில் சேர்த்த நாள் அது). ஓதி முடித்துப் பயான் (மார்க்கச் சொற்பொழிவு) செய்யத் தொடங்கியிருக்கும் இளம் ஆலிம்களும் (மார்க்க அறிஞர்களும்), வளைகுடா வேலைக்குப் போகுமுன் கடிதம் எழுதப் பழகுபவர்களும் வருகிறார்கள். அடிப்படை நஹ்வு (அரபு இலக்கணம்) தெரியாதவர்களைச் சேர்ப்பதில்லை. அது சரியான முடிவு.

முதல் அமர்வில் முடிவைத் தொடங்கிவைக்கும் தொடர்களைப் பிரித்துக் காட்டுகிறார்கள். பிரித்திருக்கும் விதம் நன்றாக இருக்கிறது. ‘வ கிதாமன்’, ‘வ ஃபில் கிதாம்’ இரண்டும் வெறும் அறிவிப்பு: பேச்சு முடியப்போகிறது, அவ்வளவுதான். ‘குலாஸத்துல் கவ்ல்’, ‘ஸஃப்வத்துல் கவ்ல்’, ‘ஜும்லத்துல் கவ்ல்’ என்று தொடங்கினால் சாரத்தைச் சொல்லப்போகிறோம் என்று வாக்குக் கொடுத்தாகிவிட்டது. அடுத்து வருவது ஒரே வாக்கியமாக, முன்பு சொன்னதன் சுருக்கமாக இருக்க வேண்டும். ‘வ பினாஅன் அலா மா தகத்தம’ (முன்பு சொன்னதன் மேல் கட்டி), ‘வ மிம்மா ஸபக யத்தளிஹு அன்ன’ (முன்பு சொன்னதிலிருந்து தெளிவாவது) என்பவை இன்னும் பெரிய வாக்கு. முன்னால் காரணங்களை அடுக்கியிருந்தால்தான் இவற்றைத் தொட வேண்டும். மூன்று கதையும் ஒரு கவிதையும் சொல்லிவிட்டு ‘வ பினாஅன்’ என்று இறங்கினால், அரபி அறிந்தவர் எதன் மேல் கட்டியது என்று தேடுவார்.

உஸ்தாத் (ஆசிரியர்) ஒரு சோதனை வைத்திருக்கிறார். தொடக்கத் தொடரை அடித்துவிட்டு மிச்சத்தைப் படிக்கச் சொல்கிறார். மிச்சம் முடிவுரையாகவே நின்றால் தொடர் பொருந்துகிறது என்று பொருள். அது புதுச் செய்தியாகத் தெரிந்தால் அந்த வாக்கியம் கட்டுரையின் நடுவுக்குப் போக வேண்டும். ‘கிதாமன்’ சொன்ன பிறகு புது வாதத்தை எடுப்பது, பந்தியில் மோர் ஊற்றிய பிறகு சாம்பாருக்குக் கை நீட்டுவது போல. மாணவர் கட்டுரைகளில் அதிகம் தெரியும் பிழையும் இதுதான்.

தவறான இடத்தில் வந்து விழும் இரண்டு தொடர்களுக்குத் தனியாக நேரம் கொடுக்கிறார்கள். ‘ஃபீ நிஹாயத்தில் மதாஃப்’ என்பது ஒரு விவகாரம் சுற்றிச் சுற்றி எங்கே போய் நின்றது என்று சொல்ல வருவது. பேச்சு முடிகிறது என்று அறிவிக்க அல்ல. ‘மின் நாஃபிலத்தில் கவ்ல்’ இன்னும் ஆபத்து. நஃபில் தொழுகை தெரிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை: சொல்லாவிட்டாலும் குறைவில்லாத உபரிப் பேச்சு என்று அர்த்தம். கம்பீரமாக ஒலிக்கிறது என்று இதைத் தங்கள் முக்கியக் கருத்துக்கு முன்னால் வைத்து, அந்தக் கருத்தைத் தாங்களே கீழே தள்ளிவிடுகிறார்கள். ‘அகீரன் வ லைஸ ஆகிரன்’ (கடைசியாக, ஆனால் கடைசித் தரமல்ல) ஆங்கிலத்திலிருந்து வந்த ஒட்டு. சுத்த அரபி பேசும் நடுவர்கள் முகம் சுளிப்பார்கள். நன்றியுரையில் கடைசிப் பெயருக்கு முன்னால் வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம், முடிவுரைக்கு வேண்டாம்.

இரண்டாம் அமர்வு தவ்கீதுக்கு, அதாவது அழுத்தத்துக்கு. கட்டணம் முழுவதையும் இந்த ஓர் அமர்வுக்காகவே கொடுக்கலாம். பலாகா (அரபு அணியியல்) ஓதியவர்களுக்குப் பழகிய பாடம்தான். கேட்பவர் மனதில் எதுவும் இல்லையென்றால் செய்தியை வெறுமனே சொல்ல வேண்டும், அது இப்திதாஈ. சந்தேகத்தில் இருந்தால் ஓர் அழுத்தம் வைப்பது நல்லது, அது தலபீ. மறுக்கிறார் என்றால் அழுத்தம் கட்டாயம், மறுப்பு கூடக் கூட அழுத்தமும் கூட வேண்டும், அது இன்காரீ. இதை விளக்க, அணியியல் அறிஞர் ஜுர்ஜானி ‘தலாஇலுல் இஃஜாஸ்’ நூலில் சொல்லும் நிகழ்ச்சியை எடுக்கிறார்கள். மெய்யியலாளர் அல்-கிந்தி அபுல் அப்பாஸ் என்ற இலக்கண அறிஞரிடம் போய், அரபியில் வெற்றுச்சொல் நிறைய இருக்கிறது என்றார். ‘அப்துல்லாஹி காஇமுன்’, ‘இன்ன அப்தல்லாஹி காஇமுன்’, ‘இன்ன அப்தல்லாஹி லகாஇமுன்’ மூன்றும் அப்துல்லாஹ் நிற்கிறார் என்பதைத்தானே சொல்கின்றன என்பது அவர் கேள்வி. முதலாவது வெறும் செய்தி, இரண்டாவது கேட்டவருக்குப் பதில், மூன்றாவது மறுத்தவருக்குப் பதில் என்று வந்தது விடை.

வகுப்பில் இதை முடிவுரைக்குக் கொண்டுவரும் விதம் வேறெங்கும் எளிதில் கிடைக்காது. செட்டிநாட்டு ஊருணிகளைப் பற்றி ஒரு பக்கக் கட்டுரை கொடுத்து, மூன்று வகைக் கேட்பவர்களுக்கு மூன்று முடிவு எழுதச் சொல்கிறார்கள். தண்ணீரைப் பற்றி முன்பே ஒத்துப்போகிறவர்களுக்கு ‘அல்மாஉ அமானத்துன்’ (தண்ணீர் நம்மை நம்பி ஒப்படைத்த பொருள்) போதும். இழுபறியில் இருப்பவர்களுக்கு ‘இன்னல் மாஅ அமானத்துன்’. ஊருணியைத் தூர்த்து மனை போடலாம் என்பவர்கள் முன்னால் ‘இன்னல் மாஅ லஅமானத்துன்’, அதன் பிறகு ‘ஃபல்நஹ்ஃபள்ஹா’, அதைக் காப்போம் என்ற ஏவல். ஒத்துப்போகிறவர்கள் முன்னால் மூன்றாவதைச் சொன்னால், யாரோ மறுத்ததுபோல ஒரு சண்டைத் தொனி தானாக வந்துவிடும். போட்டிப் பேச்சுகளில் ‘வல்லாஹி’, ‘லகத்’, ‘இன்ன’, ‘ஹக்கன்’ எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டும் பிள்ளைகளுக்கு இந்த ஒரு பயிற்சி போதும்.

இலக்கண நுணுக்கத்திலும் குறை வைக்கவில்லை. ‘இன்ன’ என்ற உறுதிச் சொல்லுடன் வரும் லாம் (‘ல’ எழுத்து) செய்திப் பகுதியின் தலையில் உட்கார வேண்டும், ‘இன்ன’வை ஒட்டி வரக் கூடாது. ‘குலாஸத்துல் கவ்லி’க்குப் பிறகு இன்னவா, அன்னவா என்பது ஆலிம்களே மோதிக்கொள்ளும் கேள்வி. சொல் என்ற பொருளுள்ள எழுவாய்க்குப் பின் இரண்டும் செல்லும் என்று இப்னு மாலிக் தன் இலக்கணச் செய்யுள் நூலான அல்ஃபிய்யாவில் ‘கைருல் கவ்லி இன்னீ அஹ்மது’ (சொல்லில் சிறந்தது ‘நான் புகழ்கிறேன்’ என்பது) என்ற எடுத்துக்காட்டோடு சொல்லிவிட்டார். ஆனால் பின்னால் அந்த லாம் வந்துவிட்டால் இன்ன மட்டும்தான். ‘லா ஷக்க’ (சந்தேகமில்லை) என்பதற்குப் பிறகு அன்ன, ‘லா ஷக்க ஃபீ அன்ன’ என்று. நடுவில் உள்ள ‘ஃபீ’யை விட்டுவிடலாம், அதற்காக இன்ன என்று மாற்றக் கூடாது.

வினைக்கு முன்னால் வரும் ‘கத்’ என்ற இடைச்சொல் விஷயத்தையும் சரியாகவே சொல்கிறார்கள். இறந்தகால வினையோடு வந்தால் உறுதி. இன்றைய உரைநடையில் முளாரிஃ (நிகழ்கால, எதிர்கால) வினையோடு வந்தால் ‘இருக்கலாம்’ என்ற ஐயம். அழுத்தம் என்று நினைத்து ‘கத் யகூனு’ என்று முடித்தால் மொத்தப் பேச்சும் தொங்கலில் நிற்கும். குர்ஆனில் ‘கத் யஃலமுல்லாஹு’ (அல்லாஹ் அறிகிறான்) என்று உறுதிப் பொருளில் வருகிறதே என்று யாராவது கேட்பார்கள். அங்கே அல்லாஹ்வின் அறிவைப் பற்றிய பேச்சு, பொருளை இடம் தீர்மானிக்கிறது.

கட்டுப்படுத்திச் சொல்லும் கஸ்ர் முறைக்குக் கொடுத்த நேரம் போதாது. ‘மட்டுமே’ என்று கட்டுப்படுத்தும் ‘இன்னமா’வும், ‘லா யஸஉனீ இல்லா அன் அஷ்குர’ (நன்றி சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை) போன்ற மறுப்பு-விலக்கு வாக்கியங்களும் முடிவுரைக்கு மிகப் பொருத்தமானவை. சத்தம் இல்லாமல் அழுத்தம் தருபவை. இவற்றை இருபது நிமிடத்தில் ஓட்டிவிடுகிறார்கள். ‘இல்லா அன்’னுக்குப் பின் வினை நஸ்பில் (‘அ’ என்ற ஈற்றொலியில்) வர வேண்டும், ‘அஷ்குரு’ என்று சொல்லக் கூடாது என்பதைக்கூடக் கேட்டால்தான் சொல்கிறார்கள்.

மூன்றாம் அமர்வில் மேடை. முதலில் நிறுத்தம். ‘கிதாமன்’ என்று சொல்லி அங்கேயே மூச்சு விட்டால் இலக்கணப்படி ‘கிதாமா’ என்று அலிஃபில் (நெடில் ‘ஆ’வில்) நிற்க வேண்டும், நிற்காமல் சேர்த்து ஓதினால் ‘கிதாமன்’. சலாமிலும் நிற்கும்போது ‘பரகாதுஹ்’, ‘பரகாதுஹு’ அல்ல. அடுத்தது நம் தமிழ் நாக்கின் தொல்லை. ‘கிதாம்’ என்பதில் வருவது தொண்டையில் உரசும் கா. ‘கவ்ல்’ என்பதில் வருவது நாக்கின் அடியில் பிறக்கும் காஃப். ‘ஷக்க’வில் வருவது சாதாரண காஃப். தமிழில் மூன்றுக்கும் ஒரே ‘க’. கையேட்டில் அரபு எழுத்துக்குக் கீழே தமிழில் உச்சரிப்பு அச்சடித்திருப்பதால், அதைப் பார்த்துப் படிப்பவர் மூன்றையும் ஒன்றாக்கிவிடுகிறார். பழைய அரபுத்தமிழ் ஏடுகளில் தமிழையே அரபு எழுத்தில் எழுதினார்கள். அந்த வழியில் போயிருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது. கையேட்டை வாங்குபவர்கள் தமிழ் வரியைப் பேனாவால் அடித்துவிடுவது நல்லது.

பயான், குத்பா (ஜும்ஆ உரை) முடிவுகளைத் தனியாகப் பிரித்திருப்பது பாராட்ட வேண்டியது. முதல் குத்பாவின் கடைசியில் ‘அகூலு கவ்லீ ஹாதா வ அஸ்தஃக்ஃபிருல்லாஹ லீ வ லகும்’. இரண்டாவதில் ‘இன்னல்லாஹ யஃமுரு பில் அத்லி வல் இஹ்ஸான்’ என்ற அந்நஹ்ல் 90-ஆம் வசனம். உமர் இப்னு அப்துல் அஸீஸ் தொடங்கிய வழக்கம் என்று சொல்லப்படுவது. நம் ஊர் மேடைகளில் எல்லாரும் சொல்லும் ‘வ ஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்’ யூனுஸ் அத்தியாயம் 10-ஆம் வசனத்தைத் தழுவியது. வசனத்தில் இருப்பது ‘தஃவாஹும்’ (அவர்களின் அழைப்பு). ‘தஃவானா’ (நம் அழைப்பு) என்று மாற்றியது பேச்சுக்காக, அதனால் வசனத்தை ஓதுவதாக அறிவித்துவிட்டு இதைச் சொல்லக் கூடாது. கல்லூரிப் போட்டிக் கட்டுரைக்கு ‘வல்லாஹு வலிய்யுத் தவ்ஃபீக்’ போதும். ‘ஹாதா வல்லாஹு அஃலம்’ (இதுவே, அல்லாஹ்வே நன்கறிந்தவன்) ஃபத்வாவின் (மார்க்கத் தீர்ப்பின்) கடைசியில் நிற்பது. உறுதியாக ஒன்றை நிறுவிவிட்டு அடுத்த வரியில் இதைப் போட்டால் அழுத்தம் கரைந்துபோகும்.

கடிதப் பகுதி சுமார். ‘வ தஃபள்ளலூ பிகபூலி ஃபாஇகில் இஹ்திராம்’ என்ற ஒரே வாய்பாட்டைக் கொடுத்து முடித்துக்கொள்கிறார்கள். வளைகுடா வேலைக்காகச் சேர்பவருக்கு இது பத்தாது. அவர்கள் வேறு இடம் பார்க்கலாம்.

கையேட்டின் பெரிய குறை, அறுபதுக்கும் மேற்பட்ட தொடர்களை அகரவரிசையில் அடுக்கியிருப்பது. வகுப்பில் வாக்கின் கனத்தைப் பார்த்துப் பிரித்துச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அச்சில் ‘மதாஃப்’பையும் ‘குலாஸா’வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வீட்டில் எடுத்துப் பார்ப்பவருக்கு என்ன புரியும்? எழுத்துப் பிழையும் இருக்கிறது. ‘பினாஅன்’ என்ற சொல்லில் ஹம்ஸா எழுத்துக்குப் பின் ஓர் அலிஃப் கூடுதலாக அச்சாகியிருக்கிறது. ஹம்ஸாவுக்கு முன்னாலேயே அலிஃப் இருப்பதால் தன்வீன் (‘அன்’ ஒலிக் குறி) ஹம்ஸாவின் மேலேயே நிற்க வேண்டும். முன்னால் அலிஃப் இல்லாத ‘ஜுஸ்அன்’ போன்ற சொல்லில்தான் பின்னால் அலிஃப் வரும். கடைசிப் பக்கத்தில் ‘இன் ஷாஅல்லாஹ்’வை ‘இன்’னும் ‘ஷாஅ’வும் ஒட்டி ஒரே சொல்லாக அடித்திருக்கிறார்கள். அப்படி எழுதினால் ‘உருவாக்குதல்’ என்ற வேறு சொல்லாகிவிடும். போட்டி நடுவர் முதலில் வட்டம் போடுவது இதற்குத்தான்.

போட்டிக்குப் போகும் பிள்ளைகளும் இளம் ஆலிம்களும் தயங்காமல் சேரலாம். மூன்று அமர்வுக்கு மட்டும் தனிக் கட்டணம் கிடையாது. போகும்போது சொந்தமாக எழுதிய ஒரு பக்கக் கட்டுரையை எடுத்துப் போங்கள், திருத்துவது அதைத்தான். முந்நூறு சொல் கட்டுரை என்றால் முடிவு நாற்பது, ஐம்பது சொல்லுக்குள் இருக்கட்டும், தவ்கீது ஒன்றுக்கு மேல் வேண்டாம். கையேட்டை அடுத்த பதிப்பு வரும் வரை வாங்க வேண்டியதில்லை, பலகையில் எழுதுவதைக் குறித்துக்கொண்டாலே போதும்.