கச்சேரிப் பதிவு: ஆளுக்கொரு மைக்கா, எதிரே ஒரு ஜோடியா?

முதலில் ஆளுக்கொரு மைக். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம், அதாவது கனத்த ஒலி தரும் பக்கம், ரவைப் பசை ஒட்டிய தோலுக்கு நாலு விரல் தள்ளி ஒரு கார்டியாய்டு மைக்கை (முன்பக்கத்துச் சத்தத்தையே அதிகம் வாங்குவது) வைத்துப் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள், கும்கி (தொப்பியைக் கையால் அழுத்தி எழுப்பும் வளைந்த அடிநாதம்) வீங்கிப்போய் வரும், ஏனென்றால் அந்த வகை மைக் கிட்டே போகப் போக அடிக்கனத்தைத் தானாகவே ஏற்றிவிடும். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கேட்கும் ஆம்னி மைக்கில் இந்த வீக்கம் இல்லை, ஆனால் பக்கத்து வாத்தியமும் கூடவே வரும். வயலினுக்கு ஒட்டி வைத்தால் வில் உரசுகிற சத்தம் தூக்கலாக விழும்.

இதற்கு மாற்று, எதிரே ஒரு ஜோடி மைக் வைக்கும் ஓஆர்டிஎஃப் முறை, பிரெஞ்சு வானொலிக்காரர்கள் கொடுத்தது: இரண்டு கார்டியாய்டு மைக், நடுவே 17 செ.மீ., கோணம் 110 டிகிரி. மேடைக்கு ஓரிரண்டு மீட்டர் முன்னால், பாடுகிறவரின் தலைக்குச் சற்று மேலே நிறுத்தினால், தம்புராவின் ஜீவா (தந்திக்கடியில் வைக்கும் நூலால் எழும் ரீங்காரம்) குரலோடு காற்றில் கலந்து வருவது அப்படியே கிடைக்கும். எனக்கு இதுதான் உசத்தி. சரி, மின்விசிறியும் இருமலும் சேர்ந்தே விழும், ஒரு வாத்தியத்தை மட்டும் பின்னால் கூட்டிக் குறைக்க வழியில்லை, அதனால் ஒத்திகையிலேயே ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஓரடி முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்துவிடுங்கள்.

ஒலிபெருக்கி அலறும் அரங்கில் மட்டும் ஜோடி வேண்டாம், ஸ்பீக்கர் சத்தம்தான் பதிவாகும். அங்கே ஆளுக்கொரு மைக்தான்.