கபானா கட்டுகிறவர்கள் கவனத்துக்கு: அத்திவாரத்தில் நான் ஏமாந்த கதை

போன ஆடியில் ஒரு மாலை, என் கபானாவின் (கடலோரச் சிறு மரக் குடில்) தென்மேற்கு மூலை எழும்பிப் பார்த்தது. மிகைப்படுத்தவில்லை. கச்சான் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, ஒருமுறை ஓங்கி அடித்தது. அத்திவாரத் தூணின் தலைக்கும் அதன்மேல் கிடந்த பாலை மரத்து வளைக்கும் (உத்தரம்) நடுவே ஒரு விரல் அகலத்துக்கு வெளிச்சம் தெரிந்தது. பிறகு ஒன்றும் நடவாததுபோல் இறங்கி அமர்ந்துகொண்டது.

திருகோணமலையில் சாம்பல்தீவுப் பக்கம் கடலோரமாக அம்மாவின் சீதனக் காணி 20 பேர்ச் கிடக்கிறது. அதில் 16 அடிக்கு 12 அடியில் ஒரு மரக் கபானாவை என் கையாலேயே கட்ட இறங்கினேன். தச்சு வேலை எனக்கு ஓரளவு வரும். அத்திவாரத்தை மட்டும் ஒரு கொந்தராத்துக்காரரிடம் விட்டேன். பெயரை எழுதப் போவதில்லை. செய்த வேலையை எழுதுகிறேன்.

பேசியது இதுதான்: ஒரு அடிச் சதுரத்தில் 9 கொங்கிறீற் தூண்கள், 3 அடி ஆழம், அடியில் அகன்ற பாதம். தூணுக்கு இரண்டாக 18 போல்ற்; அரை அங்குலத் தடிப்பு, முனை வளைத்தது, கொங்கிறீற் ஈரமாக இருக்கும்போதே 7 அங்குலம் உள்ளே இறக்குவது, எல்லாம் கல்வனைஸ் (துருப்பிடிக்காமல் இருக்க நாகப் பூச்சு) செய்தவை. மணல் மகாவலி ஆற்று மணல். கூலியும் பொருளுமாக 145,000 ரூபாய். அதில் 120,000 கொடுத்துவிட்டேன். கொங்கிறீற் ஊற்ற அவர் தேர்ந்தெடுத்த நாள், நான் கொழும்பில் நின்ற நாள். அன்றைக்கு அது எனக்கு வசதியாகக்கூடத் தோன்றியது.

திரும்பி வந்து பார்த்தபோது ஒன்பது தூண்களும் நூல் பிடித்ததுபோல் நின்றன. வெள்ளியாய் மின்னிய போல்ற்கள், ஒவ்வொன்றிலும் நட், வாசர். படம் பிடித்துத் தங்கைக்கு அனுப்பினேன்.

மூலை எழும்பிய மறுநாள் பக்கத்து வீட்டு மாமாவைக் கூட்டி வந்தேன். முப்பது வருடம் வள்ளம் கட்டியவர். அவர் ஸ்பானரைப் போட்டு ஒரு நட்டைத் திருப்பினார். நட்டோடு சேர்ந்து போல்றும் சுற்றியது. இன்னும் இரண்டு சுற்று. பல் பிடுங்குவதுபோல் வெளியே வந்துவிட்டது. கொங்கிறீற்றுக்குள் இறங்கியிருந்தது 3 அங்குலம்தான். வளைவு இல்லை. காய்ந்த கொங்கிறீற்றில் துளை போட்டு, சீமெந்துக் கூழை ஊற்றிச் செருகியிருக்கிறார்கள். 18இல் 11 இப்படியே கையோடு வந்தன. கல்வனைஸ் என்று பேசியது வெறும் வெள்ளிப் பெயின்ற். மூன்று மாத உப்புக் காற்றில் அதன் கீழே துரு பொருமியிருந்தது.

தூணின் ஓரத்தைத் தோண்டினோம். 14 அங்குலத்தில் முடிந்தது. பாதமும் இல்லை. மிச்சமாய்க் குவித்துக் கிடந்த மணலில் ஒரு சிட்டிகை எடுத்து மாமா நாக்கில் வைத்தார். "தம்பி, கறிக்குப் போடலாம்" என்றார். கடல்மணலின் உப்பு உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும்; துரு பருக்கும்போது கொங்கிறீற் வெடிக்கும். அது உடனே தெரியாது, சில வருடம் கழித்துத்தான் தெரியும். அதற்குள் கொந்தராத்துக்காரர் வேறு ஊரில் இருப்பார்.

என் பிழையும் உண்டு. சுவர்ப் பலகை அடிப்பதற்கு முன்னே கூரைத் தகரத்தை ஏற்றிவிட்டேன். நாலு பக்கமும் திறந்த கூரைக்குள் புகுந்த காற்று கீழிருந்தும் தள்ளும், மேலிருந்தும் உறிஞ்சும். அன்றிரவு கணக்குப் போட்டேன். தாழ்வாரத்தோடு கூரை 252 சதுர அடி. மணிக்கு 90 கிலோமீற்றர் காற்றின் அழுத்தம் அப்படியே மேலிழுப்பாகத் திரும்பினால் ஏறக்குறைய 900 கிலோ. ஒரு கன அடிக் கொங்கிறீற் 68 கிலோ; பேசியபடி 3 அடித் தூண்கள் ஒன்பதும் இருந்திருந்தால் 27 கன அடி, 1,800 கிலோவுக்கு மேல். தூண்கள் ஆழமாக இருந்து, அவற்றோடு கட்டடம் பிணைந்தும் இருந்தால் கவலையில்லை. பிணைப்பே இல்லாத இடத்தில் தூணின் எடையால் என்ன பயன்? 2020 டிசம்பர் 2 இரவு புரேவிச் சூறாவளி திருகோணமலைக்கு வடக்கே கரை ஏறியதை நினைத்துக்கொண்டு படுத்தேன். தூக்கம் வரவில்லை.

தொலைபேசியில் கேட்டபோது கொந்தராத்துக்காரர் சொன்ன விளக்கம்: "ஊற்றும்போது வைத்தால் போல்ற் இடம் விலகிவிடும், எல்லாரும் பிறகுதான் துளைப்பார்கள்." இதை யார் சொன்னாலும் வேலையை நிறுத்துங்கள். விலகாமல் இருக்கத்தானே அச்சுப் பலகை இருக்கிறது! ஒரு பலகைத் துண்டில் சரியான இடைவெளியில் இரண்டு துளை. போல்ற்களை அதில் தொங்கவிட்டுப் பலகையைக் கொங்கிறீற் ஊற்றும் பெட்டியின்மேல் ஆணியால் அடித்தால் எங்கே விலகும்? செலவு ஒரு துண்டுப் பலகை. காய்ந்தபின் துளைத்துப் பொருத்துவதும் பிழையில்லை, ஆனால் அதற்கு எபொக்சிப் பசை வேண்டும், போதிய ஆழம் வேண்டும், துளைக்குள் இருக்கும் தூசியைத் தூரிகையால் தேய்த்து ஊதி எடுக்க வேண்டும். சீமெந்துக் கூழ் அதற்கு மாற்றில்லை.

தகரத்தைக் கழற்றிவிட்டு லொறி ஜக்கை வைத்து ஒவ்வொரு வளையாகத் தூக்கி, ஒன்பது தூண்களையும் மாற்றினோம். மூன்று கிழமை. கொங்கிறீற் இறுக, ஒரு கிழமை முழுக்க அதன்மேல் ஈரச் சாக்குப் போட்டு வைத்த பிறகுதான் நட்டை இறுக்கினோம். ஒரு தூணில் மட்டும் போல்ற் அரை அங்குலம் தள்ளிப் போய்விட்டது. வளையில் துளையை நீட்டி, 3 அங்குலச் சதுரத் தகட்டு வாசரால் மூடினேன். மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. "வள்ளத்தில் இப்படிச் செய்தால் என் அப்பா அடித்திருப்பார்" என்றார்.

உங்கள் வேலையில் கொங்கிறீற் ஊற்றும் நாளில் நீங்களே நில்லுங்கள். போல்றை முதலில் வாங்கி அளந்து உங்கள் வீட்டில் வையுங்கள். மிச்சக் காசைக் கொடுக்கும் முன் ஒவ்வொரு நட்டையும் ஸ்பானரால் திருப்பிப் பாருங்கள். நட் இறுகிப்போய் நிற்க வேண்டும், போல்ற் அசையக் கூடாது.

போன மாதம் கொந்தராத்துக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்தார், மிச்சம் 25,000 ரூபாயைக் கேட்டு. அந்தப் பதினொரு போல்ற்களையும் ஒரு பால்மா ரின்னில் போட்டு வைத்திருந்தேன், திண்ணையில் கொட்டினேன். ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்னுடையது இல்லை" என்றார்.