நெருப்புச் சாமான் பிடிக்குள்ளா, உறையிலா?

நிலாவெளிக் கடற்கரையில் மீன் சுடவோ, மூதூர்ப் பக்கம் காட்டோரம் தங்கவோ போகிறவர்கள் கத்தி வாங்கும்போது தடுமாறுவது இங்கேதான்: உள்ளே குழலாக இருக்கும் பிடியா, உறையில் சிறு பை தைத்த முழு இரும்புக் கத்தியா?

உறுதி: குழல் பிடியில் அலகு பிடியின் வாயோடு நின்றுவிடும். விறகு பிளக்கத் தட்டினால் அந்த மூட்டுத்தான் முதலில் ஆடும். மற்றதில் அலகின் இரும்பு பிடியின் கடைசிவரை ஓடுகிறது. தடியால் அடித்தே பிளக்கலாம்.

ஈரம்: குழலுக்குள் நெருப்புக்குச்சி, தூண்டில் முள், நூல் எல்லாம் அடங்கும். சரி, மூடியின் றப்பர் வளையம் தேய்ந்தால்? மார்கழி மழையில் குச்சி நமத்துவிடும். உறைப் பையில் இருக்கும், தீ மூட்டும் ஃபெரோ கம்பியோ நனைந்தாலும் துடைத்து உரசினால் பொறி பறக்கும். பொறியைப் பிடிக்கும் தென்னந்தும்பு மட்டும் காய்ந்திருக்க வேண்டும், பொலித்தீனில் சுற்றிவையுங்கள்.

துரு: எந்தப் பிடியானாலும் நம் உப்புக்காற்றுக்குத் துருவேறா உருக்குத்தான்.

விலை: குழல் பிடி பெரும்பாலும் மலிவு.

தூண்டில் போட்டு மீன் வெட்டினால் போதும் என்பவருக்குக் குழல் பிடி. விறகு வேலை இருந்தால் முழு இரும்பு. என்னுடைய குழல் பிடிக்காரன் இப்போது வீட்டில் தேங்காய் தோண்டுகிறான்.