முந்திய லாரிக்குச் சைகை: ஹைபீமா, விளக்கை அணைப்பதா?

முந்திச் செல்லும் நீளமான லாரியின் ஓட்டுநருக்கு, தன் டிரெய்லரின் வால் உங்களைத் தாண்டிவிட்டதா என்பது கண்ணாடியில் சரியாகத் தெரியாது, இரவில் இன்னும் மோசம். ‘தாண்டியாச்சு, என் லேனுக்குள் வரலாம்’ என்று சொல்ல இரண்டு வழிகள் உண்டு.

ஹைபீமை, அதாவது தூரம் வரை பாயும் ஹெட்லைட் வெளிச்சத்தை, ஒரு முறை மின்னவிடுவது சுலபம், பகலிலும் தெரியும். ஆனால் இரவில் அந்த வெளிச்சம் அவருடைய பக்கக் கண்ணாடியில் பட்டு நேராகக் கண்ணைக் கூசும். அவர் கண்ணாடியை நம்பி லேன் மாறும் நேரம் பார்த்தா இதைச் செய்வது? அர்த்தக் குழப்பமும் உண்டு: சிலருக்கு அது ‘வா’, சிலருக்கு ‘நான் வருகிறேன், நில்’. பிரிட்டனின் நெடுஞ்சாலை விதித்தொகுப்பு, விதி 110, நாம் இருப்பதைத் தெரிவிக்க மட்டுமே ஹெட்லைட்டை மின்னச் சொல்கிறது.

ஹெட்லைட்டை ஒரு நொடி அணைத்துப் போடுவது கண்ணை உறுத்தாது. இருட்டில் என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் தெருவிளக்கில்லாத வளைவில் வேண்டாம், உங்கள் பாதையே மறைந்துவிடும். செனான் விளக்குக்கும் (செனான் வாயு நிரப்பிய பிரகாசமான ஹெட்லைட்) இது ஆகாது. அடிக்கடி அணைத்துப் போட்டால் ஆயுள் குறையும். தானியங்கி விளக்குள்ள புது வண்டிகள் சிலவற்றில் அணைக்கவே முடியாது.

எதைச் செய்தாலும், அவர் தன் கண்ணாடியையும் பார்த்துத்தான் உள்ளே வரவேண்டும்.