டர்பனில் பேஸ் கிட்டாரைக் கடையில் விடுமுன் இதைப் படியுங்கள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வொர்த் பக்கம் பேஸ் கிட்டார் வாசிப்பவர்களுக்கு, அதிலும் ஃப்ரெட்லெஸ் (கழுத்தில் குறுக்கே உலோகப் பட்டிகள் இல்லாத பேஸ்) வைத்திருப்பவர்களுக்கு, இந்தப் பதிவு. கம்பி மாற்றித் தருகிறோம் என்ற பேரில் என்னிடம் நடந்தது உங்களிடமும் நடக்கலாம்.

என்னுடையது ரோஸ்வுட் ஃபிங்கர்போர்டு (கம்பியை விரலால் அழுத்தும் மரப்பலகை) போட்ட ஃப்ரெட்லெஸ். பழைய பாட்டுகளில் வரும் கமகத்துக்கு வேறு பேஸ் ஒத்துவராது. அதில் தட்டை நாடா சுற்றிய ஃப்ளாட்வவுண்ட் கம்பி மட்டும்தான் போடுவேன். தைப்பூசக் காவடி சமயத்தில் நகரத்துக் கடை ஒன்றில் செட்டப் (கம்பி உயரம், கழுத்து வளைவைச் சரிசெய்வது) செய்து புது ஃப்ளாட்வவுண்ட் போடச் சொல்லிவிட்டு வந்தேன். பில்லிலும் ஃப்ளாட்வவுண்ட் என்றே எழுதி, அதற்கான விலையையே வாங்கினார்கள். உருண்டைக் கம்பி சுற்றிய ரவுண்ட்வவுண்டோடு ஒப்பிட்டால் அது பெரும்பாலும் இரண்டு மடங்கு வரும்.

கடைப் பையன் பேஸை நிகழ்ச்சி நடக்கும் இடத்துக்கே கொண்டுவந்து கொடுத்தான். முதல் பாட்டிலேயே தெரிந்துவிட்டது. விரலை நகர்த்தும்போதெல்லாம் ஸ்பீக்கரில் ‘சர்ர்’ என்று உரசல். அடங்கிய, உருண்ட நாதம் இருக்க வேண்டிய இடத்தில் பளீரென்று உலோகச் சத்தம். போட்டிருந்தது ஸ்டீல் ரவுண்ட்வவுண்ட். மாற்றுக் கருவி இல்லாததால் அந்த வாரக் கடைசி நிகழ்ச்சிகள் முழுக்க அதிலேயே வாசித்தாக வேண்டியிருந்தது. பிறகு கம்பியைத் தளர்த்திவிட்டு விளக்கடியில் பார்த்தால், ரோஸ்வுட்டில் கம்பி போன வழியெல்லாம் மெல்லிய கீறல். நான் அதிகம் அதிர்வு கொடுக்கும் இடங்களில் கை வைத்தாலே பள்ளம் தட்டுகிறது.

ரவுண்ட்வவுண்ட் மட்டமான கம்பி என்று நான் சொல்லவில்லை. கட்டைவிரலால் தட்டி ஸ்லாப் அடிக்க, ராக் வாசிக்க அதுதான் வேண்டும். உருண்டைக் கம்பியை மையக் கம்பிமேல் சுற்றியிருப்பதால் மேல்புறம் மேடும் பள்ளமுமாக இருக்கும். பிரகாசமும் உரசலும் அங்கிருந்துதான் வருகின்றன, மரத்தை அரம் போல அறுப்பதும் அதுதான். ஃப்ளாட்வவுண்டில் சுற்றுவது தட்டையான நாடா. மேல்புறம் வழவழவென்று இருக்கும், சத்தத்தில் அடி கனமாக இருக்கும். பெரும்பாலான செட்டுகளில் இழுவிசையும் கூடுதல் என்பதால் கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராடைச் சரிபார்க்காமல் மாற்றக் கூடாது. கறுப்பு நைலான் நாடா சுற்றிய டேப்வவுண்ட் இன்னும் மிருது. ஆனால் சில செட்டுகள் தடிமன் அதிகம், கழுத்தின் தலைப்பக்கம் கம்பியைத் தாங்கும் நட்டின் காடியில் உட்காராது.

கேட்கப் போனபோது கடைக்காரர் சிரித்துக்கொண்டே, “அண்ணே, ஜேக்கோ பாஸ்டோரியஸே ஃப்ரெட்லெஸ்ஸில் ரவுண்ட்வவுண்ட்தானே போட்டார்” என்றார். அந்தப் புகழ்பெற்ற ஜாஸ் பேஸ் கலைஞர் போட்டார், உண்மை. ஆனால் அவர் ஃபிங்கர்போர்டின்மேல் படகுக்குப் பூசும், காய்ந்தால் கெட்டியாகும் எப்பாக்ஸிப் பிசினைப் பூசியிருந்தார். என்னுடையது வெறும் மரம். இது தெரியாதவர் கையில் ஃப்ரெட்லெஸ்ஸை எப்படிக் கொடுப்பது?

பிறகு ‘அசல் ஃப்ளாட்’ என்று பிரித்து வைத்திருந்த இன்னொரு செட்டை நீட்டினார். அது ஹாஃப்ரவுண்ட். உருண்டைக் கம்பியைச் சுற்றி மேல்புறத்தை மட்டும் தேய்த்துச் சமன் செய்தது. கைக்கு ஏறக்குறைய வழவழப்பாக இருப்பதால் ஏமாறுவது எளிது. தடித்த கம்பியை எடுத்து நகத்தை நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள். ரவுண்ட்வவுண்டில் நகம் ‘ஸிப்’ என்று தட்டித் தட்டிப் போகும், ஹாஃப்ரவுண்டில் மெல்லிய சொரசொரப்பு கேட்கும், ஃப்ளாட்டில் கிட்டத்தட்ட ஒன்றுமே கேட்காது.

எனக்கு அதிகம் வலித்தது பழைய கம்பி போனதுதான். நன்றாகப் பழகிய செட், பத்திரமாக எடுத்து வையுங்கள் என்று சொல்லியே கொடுத்தேன். குப்பையில் போட்டுவிட்டார்களாம். ஃப்ளாட்வவுண்ட் பழகப் பழகத்தான் இனிக்கும். அமெரிக்காவின் மோடவுன் நிறுவனப் பாட்டுகளுக்குப் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் தன் ஃப்ளாட்வவுண்டுகளை அறுந்தால் ஒழிய மாற்றாதவர் என்று பேர் எடுத்தவர். அப்படிப்பட்ட செட் எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைக்காது.

இங்கே சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 67ஆவது பிரிவின்படி, பழுதுபார்க்கும்போது கழற்றிய பாகங்களை, நாம் வேண்டாம் என்று சொன்னால் ஒழிய, தனியாக வைத்துத் திருப்பித் தர வேண்டும். ஒப்படைத்த பொருள் குறைந்தபட்சம் பழைய நிலையிலாவது திரும்ப வேண்டும் என்கிறது 54ஆவது பிரிவு. இந்த இரண்டையும் எழுதிக் கடிதமாகக் கொடுத்த பிறகுதான் கம்பிக் காசும் கூலியும் திரும்பி வந்தன. ஃபிங்கர்போர்டைத் தேய்த்துச் சமன் செய்யும் செலவுக்கு இன்னும் மறுக்கிறார்கள். அதற்கான புகாரை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் விடுவதானால் ஃபிங்கர்போர்டைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுத்துவிட்டுக் கொடுங்கள். கம்பி வகையையும், பழைய கம்பி திரும்ப வேண்டும் என்பதையும் பில்லிலேயே எழுத வையுங்கள். புதுப் பாக்கெட்டை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். மறுத்தால் பேஸைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.